இயல்பிருப்புப் பொதிகள் (லினக்சு)

ஓர் இயங்குதளம் நிறுவப்படும்போது, பயனர் தனியே கேட்காமலேயே கணினியில் சேர்க்கப்படும் மென்பொருட்கள் இயல்பிருப்புப் பொதிகள் எனப்படும். தன்னார்வலர்கள் உருவாக்கும் லினக்சு வழங்கலான டெபியனின் களஞ்சியத்தில் பல்லாயிரம் பொதிகள் உள்ளன. அவற்றுள் எவை தாமாகவே நிறுவப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்க ஒவ்வொரு பொதிக்கும் ஒரு முன்னுரிமை நிலை வழங்கப்படுகின்றது.

முன்னுரிமை நிலைகள்

இன்றியமையாதவை, முக்கியமானவை, வழமையானவை, விருப்பத்திற்குரியவை என நான்கு நிலைகள் உள்ளன. ஐந்தாவதாக இருந்த ஒரு நிலை 2017 இல் கைவிடப்பட்டது. இன்றியமையாத பொதிகள் இன்றிக் கணினி இயங்காது. ஆகவே அங்கு விவாதத்திற்கு இடமில்லை. முக்கியமானவற்றைத் தெரிவதே கடினம். இதற்கு டெபியன் கொள்கை ஆவணம் தரும் அளவுகோல் சற்று வேடிக்கையானது: யுனிக்சில் நன்கு பழகிய ஒருவர், ஒரு கருவியைக் காணாது "இதென்ன கூத்து?" என்று திகைப்பாராயின் அக்கருவி முக்கியமானது. இங்கு அளக்கப்படுவது மென்பொருளின் தரம் அன்று, பயனரின் எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்போ காலத்துடன் மாறுவது.

வலையமைப்பு விவரங்களைக் காட்டும் "இஃப்கான்ஃபிக்" கட்டளை இதற்குச் சான்றாகும். இதனை உள்ளடக்கிய நெட்-டூல்ஸ் பொதி, 2017 இல் வெளியான டெபியன் 9 இல் முக்கிய நிலையிலிருந்து விருப்ப நிலைக்கு இறக்கப்பட்டது. கருநிரலின் புதிய வசதிகளை ஆதரிக்கும் ஐபிரூட்2 பொதி அதன் இடத்தைப் பெற்றது. தொழில்நுட்ப நோக்கில் இம்முடிவு சரியானதே. ஆயினும் பழைய பாடநூலைப் பார்த்து அக்கட்டளையைத் தட்டச்சு செய்யும் மாணவருக்கு, "கட்டளை காணப்படவில்லை" என்ற விடையே கிடைக்கும்; தவறு தம்முடையதா, நூலினுடையதா என்பதை அவரால் அறிய இயலாது.

இடமும் இணைப்பும்

டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டு, தொடக்க ஆண்டுகளில் ஏறத்தாழ 700 மெகாபைட்டு கொள்ளும் ஒரே குறுவட்டில் அடங்க வேண்டியிருந்தது. ஒன்றைச் சேர்க்க மற்றொன்றை நீக்க வேண்டும். 2010 ஏப்ரலில் வெளியான 10.04 பதிப்பில் கிம்ப் படத்தொகுப்பி இயல்பிருப்பிலிருந்து நீக்கப்பட்டது. பொதுப் பயனருக்கு அது சிக்கலானது என்பதும், வட்டில் இடம் பிடிக்கின்றது என்பதும் காரணங்களாகக் கூறப்பட்டன. களஞ்சியத்திலிருந்து அதனை எவரும் பதிவிறக்கலாம் என்பது உண்மையே. இணைய இணைப்பு இல்லாதவருக்கோ, வட்டில் இல்லாத மென்பொருள் இல்லாத மென்பொருளே.

2012 இல் வெளியான 12.10 பதிப்புடன் குறுவட்டு வரம்பு கைவிடப்பட்டது. எனினும் பட்டியல் நீண்டுகொண்டே செல்லவில்லை. ஒவ்வொரு பொதிக்கும் இற்றைப்படுத்தல் வேண்டும். பயன்படுத்தாத பொதியிலுள்ள வழுவும் தாக்குதலுக்கு வழி திறக்கக்கூடும். 2023 அக்டோபரில் வெளியான 23.10 பதிப்பு, குறைந்த பொதிகளைக் கொண்ட நிறுவலையே இயல்பிருப்பாக்கி, முழுமையான தொகுப்பை விருப்பத் தெரிவாக வைத்தது.