புலனத்தில் போகும் ‘அம்மா’ எந்த வழியாகப் போகிறது?

இணையம் வானத்தில் இருக்கிறது என்று நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு ஆஸ்ட்ரோ தட்டுதான் காரணம் என்பது என் ஊகம். கூரையில் வானத்தைப் பார்த்தபடி ஒரு தட்டு இருக்கிறது, அதிலிருந்து படம் வருகிறது, மழை வந்தால் படம் போய்விடுகிறது. அப்படியானால் கைப்பேசியில் வருவதும் மேலிருந்துதானே வர வேண்டும்? வானொலி நிகழ்ச்சிக்கு அழைக்கும் நேயர்களும் இதையே கேட்பார்கள். “தம்பி, சென்னையில இருக்கிற என் மகளோட பேசுறேனே, அந்தப் பேச்சு சேட்டலைட்டுக்குப் போயிட்டுத்தானே வருது?”

பெரும்பாலும் இல்லை, அம்மா. அது கடலுக்கு அடியில் போகிறது.

ஆஸ்ட்ரோவுக்குப் படம் அனுப்பும் வகைச் செயற்கைக்கோள் பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஏறி இறங்குவதற்கே ஏறக்குறைய கால் வினாடி ஆகிவிடும். படம் பார்க்க அது போதும். பேசுவதற்குப் போதாது. நீங்கள் ஒன்று கேட்டு, அவர் பதில் சொல்வதற்குள் அரை வினாடி போய்விட்டால் இருவரும் ஒருவர் பேச்சில் மற்றவர் விழுந்துகொண்டே இருப்பீர்கள். பினாங்கிலிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 2,300 கிலோமீட்டர்தான். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். கணக்குப் போட்டால் நூறில் ஒரு பங்கு வினாடியை விடக் கொஞ்சம் கூடுதல். வழியில் இருக்கும் இயந்திரங்களும் சுற்றுப்பாதையும் சேர்ந்து அதைப் பல மடங்கு ஆக்கினாலும் கண் இமைக்கும் நேரத்துக்குள் அடங்கிவிடும். (தாழ்வாகப் பறக்கும் புதிய வகைச் செயற்கைக்கோள் இணையமும் 2023 முதல் நம் நாட்டில் உண்டு. ஆனால் மெர்போக்கில் நம் கையில் இருக்கும் கைப்பேசி அதை நம்பி ஓடவில்லை.)

சரி, போவது என்ன? ஒலியும் எழுத்தும் அப்படியே போவதில்லை. எல்லாம் எண்களாகிப் போகின்றன. புலனத்தில் ‘அம்மா’ என்று தட்டுகிறீர்கள். கணினி உலகம் ஏற்றுக்கொண்ட யூனிகோட் பட்டியலில் ‘அ’வுக்கு எண் 2949. ‘ம’வுக்கு 2990. அதன் மேல் வைக்கும் புள்ளிக்குக்கூட ஓர் எண் உண்டு, 3021. மறுபடி 2990, பிறகு துணைக்கால் 3006. ஆக, ‘அம்மா’ என்பது ஐந்து எண்கள். ஒவ்வொன்றும் 24 ஒன்று-சுழியங்களாக மாறும். மொத்தம் 120. கண்ணாடி இழைக்குள் போகும்போது எளிய கணக்கில் ஒன்று என்றால் வெளிச்சம், சுழியம் என்றால் இருட்டு. அம்மா என்றால் 120 கண்சிமிட்டல். பள்ளியில் மூன்று எழுத்து என்று படித்த சொல்லைக் கணினி ஐந்தாக எண்ணுகிறது என்பது எனக்கு இன்னமும் வேடிக்கையாகவே இருக்கிறது.

‘அம்மா’ சின்னச் சொல். பேரனின் பிறந்தநாள் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது 30 லட்சம் பைட் இருக்கலாம். அதை ஒரே மூட்டையாக அனுப்புவதில்லை. ஒவ்வொன்றும் அதிகபட்சம் 1,500 பைட் அளவுள்ள சிறு பொட்டலங்களாகப் பிரிக்கிறார்கள். கிட்டத்தட்ட 2,000 பொட்டலம். ஒவ்வொன்றின் மேலும் அனுப்புநர் எண், பெறுநர் எண், இது எத்தனையாவது துண்டு என்ற வரிசை விவரம்.

மெர்போக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, நமக்குக் குனோங் ஜெராய் இருக்கிறது. அலோர் ஸ்டாருக்கு வீடு மாற்றுகிறீர்கள். அலமாரியைக் கழற்றி, பலகைகளுக்கு எண் போட்டு, நான்கு லோரிகளில் ஏற்றுகிறீர்கள். இரண்டு லோரி பீடோங், குருண் வழியாக மலைக்குக் கிழக்கே போகிறது. இரண்டு லோரி சிங்கிர், யான் வழியாக மேற்கே போகிறது. குருணில் நெரிசல் என்றால் அடுத்த லோரிக்காரர் யான் பக்கம் திருப்பிக்கொள்வார். எது முதலில் சேர்ந்தாலும் கவலையில்லை, எண் இருக்கிறது, அங்கே பூட்டிக்கொள்ளலாம். 17ஆம் எண் பலகை வரவில்லையா? “17 வரலை, திரும்ப அனுப்பு” என்று ஒரு தகவல் போகும். அனுப்பியவரிடம் நகல் இருப்பதால் மறுபடி அனுப்புவார். பலகைக்கு நகல் கிடையாது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இந்தப் பொட்டல யோசனை 1960களில் அமெரிக்காவில் பால் பேரனுக்கும் பிரிட்டனில் டொனால்ட் டேவிஸுக்கும் தனித்தனியே தோன்றியது. 1969 அக்டோபர் 29ஆம் தேதி கலிபோர்னியாவில் இரண்டு கணினிகளுக்கிடையே முதல் செய்தி போனது. ‘லாகின்’ என்று ஆங்கிலத்தில் அனுப்ப முயன்று, முதல் இரண்டு எழுத்து போனதும் எதிர்க் கணினி படுத்துவிட்டது. நம் ஊர் லைனைத் திட்டும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். மலேசியாவுக்கு 1990களின் தொடக்கத்தில் மிமோஸின் ‘ஜாரிங்’ சேவை வழியாக இணையம் வந்தது.

பெறுநர் எண் என்றேனே, அதைப் பற்றிக் கொஞ்சம். இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி என்பது வெறும் எண்தான். நாம் தட்டுவது பெயர். பெயரை எண்ணாக்கித் தர ஒருவர் வேண்டும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கிராணியார் நினைவிருக்கும். கடிதம் எல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். பெயரைப் பார்த்ததும் இது எந்த லயத்து எந்த வீடு என்று அவருக்குத் தெரியும். இணையத்தில் அந்த வேலையைச் செய்வதற்கென்றே கணினிகள் இருக்கின்றன. ஒரு பெயரை முதன்முறை தட்டும்போது, “இவருக்கு என்ன எண்?” என்று உங்கள் கைப்பேசி அவற்றிடம் கேட்டுவிட்டுத்தான் புறப்படுகிறது. வீட்டு வைஃபை பெட்டியும் ஒரு குட்டிக் கிராணிதான். வெளியுலகுக்கு உங்கள் வீடு முழுவதும் பெரும்பாலும் ஒரே எண். உள்ளே எந்தப் பொட்டலம் அக்காவின் கைப்பேசிக்கு, எது தம்பியின் விளையாட்டுக்கு என்று பிரித்துக் கொடுப்பது அந்தப் பெட்டி.

இனி, பலரும் என்னிடம் கோபத்தோடு கேட்கும் கேள்வி. “ஜெராய் உச்சியில இருந்து ரேடியோ பினாங்கு வரைக்கும் கேக்குது. பக்கத்துல இருக்கிற எங்க வீட்டுல ஏன் லைன் இல்லை?”

நியாயமான கேள்வி. 1,200 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அந்த மலையிலிருந்து வானொலி ஒலிபரப்பும் கோபுரம் சத்தம் போடுகிறது, நீங்கள் கேட்கிறீர்கள், அவ்வளவுதான். உங்கள் ரேடியோ பதில் பேசுவதில்லை. கைப்பேசிக் கோபுரம் பேசினால் மட்டும் போதாது, உங்கள் கைப்பேசி சொல்வதும் அதன் காதில் விழ வேண்டும். 4ஜி கைப்பேசியின் குரல் அதிகபட்சம் சுமார் 0.2 வாட். வானொலிக் கோபுரத்தின் வலு ஆயிரக்கணக்கான வாட். கோபுரம் எவ்வளவு கத்தினாலும் உங்கள் கைப்பேசியின் முணுமுணுப்பு சில கிலோமீட்டருக்குள்தான் கேட்கும். இடையில் மலைச்சரிவு, செம்பனை மட்டை, மழையில் நனைந்த இலை, கல்சுவர் எல்லாம் அதைக் குடித்துவிடும். அதிர்வெண் கூடக்கூட இந்தக் குடி அதிகம். அதோடு, வானொலியை ஆயிரம் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் எனக்கு ஒரே வேலை. கைப்பேசிக் கோபுரம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பரிமாற வேண்டும். இரவு எட்டு மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் பந்தி மெதுவாகத்தான் நகரும்.

இதெல்லாம் இயற்பியல். ஆனால் எங்கே கோபுரம் நடுவது, எந்தத் தோட்டத்துக்கு இழை இழுப்பது என்பது இயற்பியல் அல்ல, பணமும் முடிவும். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடியபோது, வாசலில் ஒரு கம்பி, மேட்டில் ஒரு மரத்தடி என்று லைன் கிடைக்கும் இடம் தேடிப் பிள்ளைகள் அலைந்ததை மறக்க முடியாது. வீட்டில் ஒரே கைப்பேசி, அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். அந்த வருடம் பின்தங்கிய பிள்ளைகளுக்கு அறிவு குறைவில்லை, பொட்டலம் வந்து சேரவில்லை.

இன்னொரு சந்தேகம்: லைன் சரியில்லாத வீட்டில் புலனச் செய்தி மட்டும் எப்படியோ போய்விடுகிறது, அழைப்பு மட்டும் ஏன் விட்டுவிட்டுக் கேட்கிறது? என் தொழில் இங்கே உதவுகிறது. பதிவு செய்த நிகழ்ச்சியில் ஒரு சொல் பிசகினால் திரும்பப் பேசலாம். நேரலையில் முடியாது, போனது போனதுதான். செய்தி, படம் எல்லாம் பதிவு மாதிரி, தொலைந்த துண்டு திரும்ப வரும்வரை காத்திருக்கும். அழைப்பு நேரலை. தொலைந்த துண்டுக்காகக் காத்திருந்தால் பேச்சு நின்றுவிடும் என்பதால் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் போடுகிறார்கள். அதனால்தான் “அம்...” மட்டும் கேட்கிறது. லைன் மோசமென்றால் குரல் பதிவாக அனுப்புங்கள், முழுதாகப் போகும்.

கோபுரத்திலிருந்து பெரும்பாலும் தரைவழி இழை, அப்புறம் கடல். கடலடி கேபிள் ஆழ்கடலில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய் அளவுதான் பருமன், உள்ளே மயிரிழை போன்ற கண்ணாடி. கண்டங்களுக்கிடையே போகும் இணையத் தரவில் மிகப்பெரும் பகுதி இப்படித்தான் போகிறது. பினாங்கையும் சென்னையையும் இணைக்கும் ‘பே ஆஃப் பெங்கால் கேட்வே’ என்ற கேபிள் 2010களின் நடுப்பகுதியில் போடப்பட்டது. இலங்கை, மும்பை வழியாக ஓமான் வரை 8,000 கிலோமீட்டருக்கு மேல் நீளம்.

இந்த இரண்டு ஊர்களும் கேபிளால் சேர்வது இது முதல்முறை அல்ல. 1870லேயே மதராசிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி போட்டுவிட்டார்கள். அதன் செப்புக் கம்பியைக் கடல்நீரிலிருந்து காத்தது என்ன தெரியுமா? மரப்பால். நம்மவர் சீவிய ரப்பர் மரத்தின் பால் அல்ல. நம் வட்டாரக் காடுகளில் வளர்ந்த தாபான் மரத்தின் பால், வெள்ளைக்காரர் ‘கட்டாபெர்ச்சா’ என்றார்கள். 1843இல் வில்லியம் மோன்ட்கோமரி என்ற மருத்துவர் அதன் மாதிரியைச் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு அனுப்பினார். மின்சாரம் கசியாமல் தடுக்க அதைவிட நல்ல பொருள் அப்போது கடலுக்குக் கிடைக்கவில்லை. உலகக் கடலெல்லாம் தந்தி ஓட இங்கே மரங்களை வெட்டிச் சாய்த்துப் பால் எடுத்தார்கள். பால்மரம் போல நிற்க வைத்துச் சீவவில்லை. காடு காலியானது. சோழர் கப்பல் வந்த கடாரத்துக் கடலில், பூஜாங் பள்ளத்தாக்குக் கோயில்களைக் கட்டிய காலத்து வணிகர் காற்றுக்காக மாதக் கணக்கில் காத்துக் கிடந்த அதே பாதையில், செய்தி நிமிடக் கணக்கில் ஓடத் தொடங்கியது.

கேபிள் என்றால் அறுபடும். நங்கூரம் இழுக்கும், நிலநடுக்கம் அறுக்கும். 2006 டிசம்பர் 26ஆம் தேதி தைவான் அருகே நிலநடுக்கத்தில் பல கேபிள்கள் அறுந்து, மலேசியாவிலும் இணையம் நத்தையாகிவிட்டது. கப்பல்கள் போய் அறுந்த முனைகளை மேலே இழுத்து ஒட்டி முடிக்க வாரக் கணக்கில் ஆனது.

கடைசியாக, பூட்டு. புலனத்தில் நீங்கள் அனுப்புவது நேராக அடுத்தவருக்குப் போவதில்லை. பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாலும் அந்த நிறுவனத்தின் கணினிக்குப் போய்த்தான் திரும்பும். வழியில் யாரும் படிக்காமல் இருக்கப் பொட்டலத்தைப் பூட்டி அனுப்புகிறார்கள், சாவி இரு முனைகளில் மட்டும். இணையத்தளங்களில் தெரியும் பூட்டுச் சின்னமும் அதே மாதிரிதான். ஆனால் வழியில் திருடன் இல்லை என்பதுதான் அதற்குப் பொருள். மறுமுனையில் இருப்பவனே திருடன் என்றால் பூட்டு என்ன செய்யும்? எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவுக்குப் புலனத்தில் திருமண அழைப்பிதழ் வந்தது. தொட்டார். அது படம் அல்ல, ‘ஏபிகே’ என்று முடியும் ஒரு செயலிக் கோப்பு. அடுத்து வந்த கேள்விக்கெல்லாம் ‘சரி’ என்று தட்ட, அது கைப்பேசிக்குள் குடியேறி, வங்கி அனுப்பும் குறுஞ்செய்திகளைப் படித்துக்கொண்டது. மகன் மாதா மாதம் போட்டுவந்த பணம் விடிவதற்குள் போய்விட்டது. பூட்டு, சாவி எல்லாம் சரியாகத்தான் வேலை செய்தன.

படம் என்றால் படமாகவே தெரியும், எதையும் ‘நிறுவ’ச் சொல்லாது. இணைப்பு வந்தால், தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு இருந்தால் அதை விட்டுவிட்டு, அடுத்த சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் பெயரை வலப்பக்கத்திலிருந்து படியுங்கள். உண்மையான பெயர் கடைசியில் வரும் ‘.காம்’ அல்லது ‘.மை’ போன்றவற்றுக்கு ஒட்டி முன்னால் இருப்பதுதான். அதற்கு முன்னால் வங்கிப் பெயரை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் மறுநாள் மகன் வரட்டும் என்று காத்திருக்காமல், அந்த நிமிடமே வங்கியையோ 997 என்ற தேசிய மோசடி உதவி எண்ணையோ அழையுங்கள். பணமும் பொட்டலம் போலத்தான், கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டிருக்கும். கடைசிக் கணக்கிலிருந்து அதை எடுப்பதற்குள்தான் தடுக்க முடியும்.