ஊர்திகளில் ஒலிவிரியலாக்கியைச் செம்மையுற அமைத்தல்

புத்தளம் மாவட்டத்துக் கரைத்தீவு போன்ற கடலோர ஊர்களில், வானும் முச்சக்கர வண்டியும் பாட்டின்றி ஓடுதல் இன்று அரிது. ஆசையோடு வாங்கிய ஒலிபெருக்கி சில திங்களிற் கருகிவிட, விற்றவரைக் குறைகூறுவோர் பலர். குறை பெரும்பாலும் பொருளிலன்று; விரியலாக்கியில், அஃதாவது மக்கள் அம்பிளிபயர் என்று வழங்கும் கருவியில், 'கெயின்' என்னும் சிறு குமிழைத் திருப்பிய கையிலேயே உளது.

இக்குமிழை ஒலி கூட்டும் திருகெனக் கருதுதலே பிழைக்கு வித்து. வானொலிப் பெட்டிகள் சில 2 வோல்ற்று அளவான குறிப்பையும், சில 4 வோல்ற்றுக்கு மேலும் தருவன. வருவது எதுவாயினும், விரியலாக்கி தன் முழு வலுவை எட்டுமாறு அதனோடு பொருத்துவதே கெயினின் தொழில். அதற்கப்பாலும் திருப்பினால் அலையின் முடிகள் வெட்டுண்டு, சைன் அலை சதுர அலையை நெருங்கும். ஒரே உச்ச வோல்ற்றளவில், சதுர அலையின் வலு சைன் அலையினதைப்போல் இருமடங்கு. எனவே 60 வாற்று விரியலாக்கியும் 120 வாற்று வரை வெப்பத்தை ஒலிச்சுருளில் ஏற்றக்கூடும். சிறிய விரியலாக்கி பெரிய ஒலிபெருக்கியை ஒருபோதும் கெடுக்காது என்போர் இதனைச் சிந்தித்தாரல்லர்.

அமைக்குமுன் மண்வயரைப் பார்த்தல் நன்று. உப்புக்காற்று அதன் இணைப்பைத் துருவேற்றும், துரு தடையாகும், தடை சூடாகும். பூச்சைச் சுரண்டிய உலோகத்தில் அதனை இறுக்குக. பற்றரிக்கு அணித்தாக உருகியும் இருத்தல் வேண்டும்.

பின்னர், விரியலாக்கி, ஒலிபெருக்கி இரண்டன் தொடர் வலுக்களிற் குறைந்ததைக் கொள்க. பெட்டியின்மீது பெரிய எழுத்தில் அச்சிட்ட 'உச்ச வலு' விளம்பரமேயாம். வலுவைத் தடையாற் பெருக்கி வர்க்கமூலம் காண்க: 100 வாற்றும் 4 ஓமும் எனின் 20 வோல்ற்று. கெயினை முற்றும் குறைத்து, ஒலிபெருக்கி வயர்களைக் கழற்றி, அவற்றின் முனைகள் ஒன்றையொன்று தொடாதவாறு வைக்க. பாஸ், திரெபிள் திருத்தங்களை நீக்கி, வானொலிப் பெட்டியின் ஒலியளவை முக்காற்பங்கில் நிறுத்துக. முழு அளவிற் பதிவான சோதனைத் தொனியை ஒலிக்கவிடுக. பெரும்பாஸ் ஒலிபெருக்கிக்குச் செக்கனுக்கு 50 அதிர்வும், ஏனையவற்றிற்கு 1000 அதிர்வும் பொருந்தும். பல்மானியை ஆடலோட்ட வோல்ற்றில் வைத்து, 20 காட்டும்வரை கெயினை மெல்ல உயர்த்துக. சுமையேறும்போது பற்றரியின் அழுத்தம் தாழுமாதலின், சற்றே பின்வாங்கி நிறுத்துதல் என் வழக்கம். நிறுவனை நிறுத்தியபின்பே வயர்களை மீளப் பூட்டல் வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் பாஸைக் கூட்டும் இளைஞர் அனைத்தையும் கெடுத்துவிடுவர். 3 தெசிபெல் உயர்வுக்கு இருமடங்கு வலு வேண்டும். 6 தெசிபெலுக்கு நான்மடங்கு. 100 வாற்றுக்கென அமைத்தது 400 வாற்றை எங்ஙனம் தரும்? அலைதான் வெட்டுண்ணும்.

ஒலிபெருக்கி தாங்கும் அளவு செவி தாங்கும் அளவன்று. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய தொழிற்பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1998இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 85 தெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம்; ஒவ்வொரு 3 தெசிபெல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகும். 100 தெசிபெலிற் கிடைப்பது 15 நிமிடமே. கரைத்தீவிலிருந்து புத்தளம் நகரை அடையவே அதனினும் கூடிய நேரம் செல்லும்.