லினக்சு கருனியில் நினைவக வழுநீக்கல் வசதிகளின் தொடக்கம்

லினக்சு கருனியில் நினைவக வழுநீக்கல் வசதிகளின் தொடக்கம் என்பது, கணினி இயங்கத் தொடங்கும்போது, நினைவகப் பிழைகளைக் கண்டறியும் கருவிகளை லினக்சு இயக்குதளத்தின் கருனி (கெர்னல்) ஆயத்தப்படுத்தும் முறையைக் குறிக்கும். விடுவிக்கப்பட்ட நினைவகத்தை மீண்டும் பயன்படுத்துதல், ஒதுக்கப்பட்ட எல்லையைத் தாண்டி எழுதுதல், பெற்ற நினைவகத்தைத் திருப்பித் தராதிருத்தல் ஆகியன இக்கருவிகள் தேடும் முதன்மையான வழுக்கள் ஆகும். பயனர் நிரல் ஒன்றில் இத்தகைய வழு நேர்ந்தால் பெரும்பாலும் அந்நிரல் மட்டுமே நிற்கும். கருனியில் நேர்ந்தால் முழுக் கணினியும் நின்றுவிடலாம்; அல்லது தொடர்பே இல்லாத தரவு ஓசையின்றிச் சிதையலாம். பின்னது கூடுதல் தீங்கானது.

== சிக்கலின் தன்மை ==

கருவிகள் இயங்குவதற்கும் நினைவகம் தேவை. ஆனால் நினைவகத்தைப் பங்கிடும் பகுதியே அப்போது எழுந்திருப்பதில்லை. தொடக்கத்தில் மெம்பிளாக் எனும் எளிய ஒதுக்கி மட்டுமே இயங்கும். பக்கங்களைப் பங்கிடும் படி ஒதுக்கியும், சிறு துண்டுகளைப் பங்கிடும் சிலப் ஒதுக்கியும் பின்னரே பொறுப்பேற்கின்றன. கருவி பிந்தி எழுந்தால் அதற்கு முன் நடந்த ஒதுக்கீடுகளை அது அறியாது. மிக முந்தி எழுந்தால் நிற்பதற்கு அதற்கு இடம் இருக்காது. இவ்வசதிகளின் தொடக்க நிரல்கள் யாவும் ஏதோ ஒரு வகையில் இந்த முரணுக்கான தீர்வுகளே.

== கட்டளை வரியும் வரிசையும் ==

பல வசதிகள் கருனியின் கட்டளை வரியில் தரப்படும் அளவுருக்களால் இயக்கப்படுகின்றன. இவற்றுள் பக்க ஒதுக்கீட்டு வழுநீக்கம் (டீபக் பேஜ்அலாக்) நல்ல எடுத்துக்காட்டு. விடுவிக்கப்பட்ட பக்கத்தை இது கருனியின் முகவரி வரைபடத்திலிருந்து நீக்கிவிடும். பின்னர் யாரேனும் அப்பக்கத்தைத் தொட்டால் அந்தக் கணமே பிழை வெளிப்படும். ஒற்றைப் பக்கத்தை நீக்க வேண்டுமெனில் வரைபடம் 4 கிலோபைட் பக்கங்களால் அமைந்திருத்தல் வேண்டும். எக்ஸ்86 கணினிகளில் கருனி வழக்கமாக விரைவு கருதி 2 மெகாபைட் அளவுள்ள பெரும் பக்கங்களைப் பயன்படுத்தும். ஆகவே வரைபடம் வரையப்படுவதற்கு முன்னரே இவ்வசதி வேண்டுமா என்பது தெரிந்தாக வேண்டும்.

அதே வேளையில், வசதி அணைந்திருக்கும்போது அதன் சோதனைகள் கணினியின் வேகத்தைக் குறைக்கக் கூடாது. இதற்காக நிலைத்திறவு (ஸ்டாட்டிக் கீ) எனும் உத்தி கையாளப்படுகிறது. ஒரு மாறியை ஒவ்வொரு முறையும் படித்துப் பார்ப்பதற்குப் பதிலாக, இயந்திர நிரலின் கட்டளையே தேவைக்கேற்ப மாற்றி எழுதப்படுகிறது. ஆனால் நிரலை மாற்றி எழுதும் அப்பொறிமுறைக்கும் ஒரு தொடக்க நேரம் உண்டு. 2019 ஆம் ஆண்டில் பக்க ஒதுக்கீட்டு வழுநீக்கம் நிலைத்திறவுக்கு மாற்றப்பட்டது. சில செயலிக் கட்டமைப்புகளில் அளவுருக்கள் படிக்கப்படும் வேளையில் நிலைத்திறவுகள் பயன்பாட்டுக்கு வந்திருக்கவில்லை என்பது பின்னர் தெரியவந்தது. வழுவைத் தேட வந்த கருவியே வழுவாயிற்று. 2020 சனவரியில் இது திருத்தப்பட்டது. அன்றுமுதல் அளவுருவைப் படிக்கும் செயற்கூறு ஒரு சாதாரண மாறியில் குறித்து வைப்பதோடு நின்றுவிடும்; நிலைத்திறவு பின்னரே திருப்பப்படும்.

மற்றொரு குழப்பம் அளவுருக்களின் வரிசையால் எழுந்தது. 2019 இல் வெளியான 5.3 பதிப்பில், நினைவகத்தை ஒதுக்கும்போதோ விடுவிக்கும்போதோ சுழியத்தால் நிரப்பும் இரு அளவுருக்கள் சேர்க்கப்பட்டன. முன்பிருந்தே உள்ள பக்க நஞ்சூட்டல் (பேஜ் பாய்சனிங்) விடுவிக்கப்பட்ட பக்கத்தை 10101010 எனும் இரும வடிவத்தால் நிரப்பும். ஒரே பக்கத்தை இரு வடிவங்களால் நிரப்ப இயலாது. எனவே நஞ்சூட்டலுக்கே முன்னுரிமை என்று பயனருக்கு எச்சரிக்கை தரப்பட்டது. ஆனால் கட்டளை வரியில் நஞ்சூட்டல் பின்னால் எழுதப்பட்டிருந்தால் அந்த எச்சரிக்கை அச்சிடப்படவில்லை. 2021 பிப்ரவரியில் வெளியான 5.11 பதிப்பில் எல்லா அளவுருக்களும் படிக்கப்பட்ட பின்னர், ஒரே செயற்கூறு அனைத்தையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கும் முறை வந்தது. படி ஒதுக்கியிடம் பக்கங்கள் ஒப்படைக்கப்படுவதற்குச் சற்று முன்னர் அச்செயற்கூறு அழைக்கப்படுகிறது.

== நிழல் நினைவகம் ==

ஆன்ட்ரே ரியாபினின் உருவாக்கிய கேசான் கருவி 2015 இல் 4.0 பதிப்புடன் இணைந்தது. ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 நிழல் பைட்டை இது வைத்திருக்கும். நிழல் பைட் 0 எனில் எட்டு பைட்டுகளும் தொடத்தக்கவை. 1 முதல் 7 வரை எனில் முதல் அத்தனை பைட்டுகள் மட்டும் தொடத்தக்கவை. எதிர்ம எண் எனில் எதையும் தொடலாகாது. நினைவகத்தைத் தொடும் கட்டளைகளுக்கு முன்னால் இச்சோதனையை நிரல்மொழிமாற்றி செருகிவிடுகிறது.

செருகப்பட்ட சோதனை கருனியின் தொடக்க வரிகளிலும் இருக்கும் என்பதே இடர். நிழல் இல்லாத வேளையில் நிழலைப் படித்தால் கணினி முடங்கும். 64 பிட் எக்ஸ்86 கட்டமைப்பில் 128 டெராபைட் முகவரி வெளிக்கு 16 டெராபைட் நிழல் வெளி வேண்டும். அவ்வளவு நினைவகம் எந்த மேசைக் கணினியிலும் இல்லை. எனவே 4096 பைட் கொண்ட, சுழியங்கள் நிறைந்த ஒரே பக்கம் அந்த நிழல் வெளி முழுவதற்கும் திரும்பத் திரும்பப் பொருத்தப்படுகிறது. சுழியம் என்பது 'தொடலாம்' என்று பொருள்படுவதால் எல்லாச் சோதனைகளும் தேறிவிடும். பிற்பாடு, உண்மையில் நினைவகம் உள்ள பகுதிகளுக்கு மட்டும் மெய்யான நிழல் ஒதுக்கப்படுகிறது. அதுவரை முதல் பணியின் கட்டமைப்பில் உள்ள ஓர் எண்ணி பிழை அறிக்கைகளைத் தடுத்து வைத்திருக்கும். நிழல் முழுமையானதும் எண்ணி சுழியமாக்கப்படும். இதற்கும் முன்னதாக இயங்கும் கோப்புகளுக்குச் சோதனை செருக வேண்டாமென நிரல்மொழிமாற்றியிடம் தனியே சொல்லப்பட்டிருக்கும்.

== கசிவுக் கண்டறி ==

காட்டலின் மரினாஸ் எழுதிய கேமெம்லீக், 2009 இல் 2.6.31 பதிப்பில் சேர்ந்தது. ஒதுக்கப்பட்ட துண்டுகளைப் பட்டியலிட்டு, நினைவகத்தை அலசி, எந்தச் சுட்டும் எட்டாத துண்டைக் கசிவு என இது அறிவிக்கும். தொடக்க ஒதுக்கீடு ஒன்று பட்டியலில் விடுபட்டால் இழப்பு அந்தத் துண்டோடு நிற்காது. அதற்குள் இருக்கும் சுட்டுகளும் அலசப்படாமல் போக, அவை சுட்டும் நல்ல துண்டுகள் கசிவுகளாகப் பொய்யாய் அறிவிக்கப்படும். இதைத் தவிர்க்க, கருவி எழும்வரை நிகழ்வுகள் நிலையான அளவுடைய ஒரு குறிப்பேட்டில் எழுதப்பட்டுப் பின்னர் மறுபடி இயக்கப்பட்டன. குறிப்பேடு நிறைந்துவிட்டால், அரைகுறைப் பட்டியலோடு இயங்குவதைவிட இயங்காதிருப்பதே மேல் எனக் கருவி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். 2019 நவம்பரில் வெளியான 5.4 பதிப்பில் குறிப்பேட்டுக்கு மாற்றாக, தொடக்கத்திலிருந்தே நேரடியாகப் பதிவு செய்ய உதவும் நினைவகத் தொகுதி ஒன்று அமைக்கப்பட்டது.

== பிற கருவிகள் ==

பக்க உரிமைப்பதிவு (பேஜ் ஓனர்), தான் எழுவதற்கு முன் ஒதுக்கப்பட்ட பக்கங்களை யார் பெற்றார் எனத் தேடுவதில்லை. 'முற்காலத்தவை' எனும் பொது முத்திரையை இட்டுவிடும். 2021 இல் 5.12 பதிப்பில் வந்த கேஃபென்ஸ் இரு தவணைகளில் எழுகிறது. இயல்பு நிலையில் 255 பொருள்களுக்கான 2 மெகாபைட் இடத்தை மெம்பிளாக்கிடமிருந்து முதலில் பெற்றுக்கொள்ளும். சமவாய்ப்பு எண்கள் கிடைக்கத் தொடங்கிய பின்னரே அதன் கண்காணிப்பு தொடங்கும்.