போனை மாற்றும் முன் நாடி பிடித்துப் பாருங்கள்!

ஆடித் தள்ளுபடி வந்தாலும் சரி, தீபாவளி போனஸ் கையில் விழுந்தாலும் சரி... நம் வீடுகளில் ஒரு பேச்சு தானாகக் கிளம்பும். "இந்த போன் சரியில்ல, மாத்திடலாமா?" உடனே பிள்ளை, "5ஜி வாங்கலாம்ப்பா" என்பான். மகள், "கேமரா நல்லா இருக்கணும்" என்பாள். "அப்படியே கார்டையும் வேற கம்பெனிக்கு மாத்திட்டா மாசம் அம்பது ரூபா மிச்சம்" என்று மாப்பிள்ளை ஒரு கணக்குச் சொல்வார். எல்லாம் பேசுவார்கள். ஆனால், இருக்கிற போனுக்கு என்னதான் நோய் என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்!

வைத்தியனுக்கு போனைப் பற்றி என்ன பேச்சு என்று நினைக்க வேண்டாம். புளியந்தோப்பில் என் வைத்தியசாலைக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் இரண்டு நோய் சொல்கிறார்கள். முதலில் உடம்புக்கு. மருந்து மடித்துக் கொண்டிருக்கும்போது போனுக்கு. துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், எண்ணூருக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறவர், பெரம்பூர் ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர் என்று எல்லோருக்கும் இதே கதைதான். கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. பாதிப் பேருக்கு நோய் போனில் இல்லை. வேறெங்கோ இருக்கிறது.

மங்குவது திரையா, கண்ணா?

அந்த ரயில்வேக்காரருக்கு வயது 64. "ரெண்டு வருஷமா ஸ்கிரீன் மங்கிக்கினே வருது டாக்டரய்யா. பையன் இருபதாயிரத்துல புதுசு வாங்கித் தரேன்றான்" என்றார். கூட வந்த பேத்தியிடம் போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். கடகடவென்று படித்தாள். பிறகு அவரை ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னேன். வலது கண்ணில் எழுத்து தெரிந்தது; இடது கண்ணில் புகை மூட்டம். கண்புரை! எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இங்கிருந்து ஆட்டோவில் போகிற தூரம்தான். 1819-ல் தொடங்கிய பழைய ஆஸ்பத்திரி அது. அங்கே லென்ஸ் வைத்துக் கொண்டு வந்தார். அதே போன் இப்போது பளிச்சென்று இருக்கிறதாம்.

40 வயது தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வருவது இயற்கை. பொன்னாங்கண்ணிக் கீரை கண்ணுக்கு நல்லது என்று எங்கள் சித்த மருத்துவம் சொல்கிறது, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் வெள்ளெழுத்தை அது போக்காது. கண்ணாடிதான் போக்கும். (கீரையை நம்பிக் கண்ணாடி போடாமல் இருக்கிறவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு!) போனிலேயே 'செட்டிங்ஸ்' போய் எழுத்தைப் பெரிதாக்கிக் கொள்ளலாம். அதற்குக் காசு கிடையாது.

"எதிர்ல பேசறது கேக்கல" என்பது அடுத்த புகார். போனை மற்ற காதில் வைத்துப் பாருங்கள். அந்தக் காதில் நன்றாகக் கேட்டால் கோளாறு போனில் இல்லை. காதில் அழுக்கு அடைத்திருக்கலாம், கேட்கும் திறன் குறைந்திருக்கலாம். காது டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு காதிலும் கேட்கவில்லை, வீட்டில் மற்றவர்களுக்கும் கேட்கவில்லை என்றால், போனின் மேல்பக்கம் இருக்கும் சின்ன வலையில் தூசி அடைத்திருக்கும். எங்கள் பக்கம் லாரிப் புழுதிக்குக் கேட்கவா வேண்டும்! உலர்ந்த மெல்லிய டூத் பிரஷ்ஷால் லேசாகத் துடையுங்கள். ஊக்கு, ஹேர்பின் வேண்டாம்... போனுக்கும் வேண்டாம், காதுக்கும் வேண்டாம்.

சூடும் சார்ஜும்

"கையில வெச்சா காயுது. மத்தியானத்துக்குள்ள சார்ஜ் காலி." இதுதான் இங்கே அதிகம் கேட்கும் வார்த்தை. எங்கள் தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். கே.பி. பார்க் போன்ற அடுக்குமாடிகளில் உள்ளறைக்குப் போனால் சிக்னல் கோடு ஒன்றோ இரண்டோதான். டவர் தூரமாகவோ மறைவாகவோ இருந்தால் போன் என்ன செய்யும் தெரியுமா? இரைச்சலான இடத்தில் நாம் தொண்டை கிழியக் கத்துவது மாதிரி, அதிக சக்தியைச் செலவழித்து டவரோடு பேசும். பாட்டரி இறங்கும், போன் சூடாகும். இந்த நிலையில் முப்பதாயிரம் கொடுத்துப் புது போன் வாங்கினாலும் அதுவும் அதே அறையில் உட்கார்ந்து கத்தத்தான் செய்யும். 5ஜிக்கு நம் நாட்டில் பெரிதும் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை, பழைய அலைவரிசைகளைவிடச் சுவருக்குள் நுழையச் சிரமப்படும் ஜாதி.

பரீட்சை சுலபம். பக்கத்து வீட்டில் வேறு கம்பெனி கார்டு வைத்திருப்பவர் யார் என்று பாருங்கள். அவரை உங்கள் வீட்டு உள்ளறைக்குக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். அவருக்கு நன்றாக எடுத்தால் மாற்ற வேண்டியது கார்டு, போன் அல்ல. யாருக்குமே எடுக்கவில்லை, ஆனால் வீட்டில் பிராட்பேண்ட் இருக்கிறது என்றால், 'வைஃபை காலிங்' என்ற வசதியை போனில் போட்டுக் கொள்ளுங்கள்.

சிக்னல் நன்றாக இருந்தும் சார்ஜ் நிற்கவில்லையா? லித்தியம் பாட்டரி சுமார் 500 முறை முழுதாக ஏறி இறங்கினால் அதன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். இரண்டு மூன்று வருஷத்தில் அது மூப்பு, நோய் இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பாட்டரியை மட்டும் மாற்றினால் புது போன் விலையில் சின்னப் பங்குதான் ஆகும். ஒரே ஒரு விஷயத்தில் தாமதம் கூடாது. மகோதரம் வந்த வயிறு மாதிரி போனின் முதுகு உப்பியிருந்தால் அன்றைக்கே உபயோகத்தை நிறுத்துங்கள். சார்ஜில் போடாதீர்கள். 2016-ல் சாம்சங் கம்பெனி தன் 'நோட் 7' போன்கள் தீப்பிடித்ததால் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது ஞாபகம் இருக்கலாம். தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

அப்படியானால் எப்போதுதான் மாற்றுவது? பாதுகாப்பு அப்டேட் வருவது நின்றுபோய், பாங்க் ஆப் திறக்க மறுத்தால் மாற்றத்தான் வேண்டும். அந்த போனில் பணம் அனுப்புவது ஆபத்து. பழைய 2ஜி பட்டன் போனில் ஜியோ கார்டு போட நினைத்தாலும் மாற்ற வேண்டும். ஜியோவுக்கு 2ஜியே கிடையாது. அதற்கு 4ஜி பட்டன் போன் போதும். கடையில் 200 கிராம் தாண்டிய பெரிய போனைக் காட்டுவார்கள். ஒரு கையில் பிடித்துக் கட்டைவிரலால் பத்து நிமிஷம் எழுதிப் பாருங்கள். கட்டைவிரல் அடியில், மணிக்கட்டோரம் வலியோடு என்னிடம் வரும் இளம்பெண்கள் பெருகிவிட்டார்கள். எண்ணெய் தடவி நீவிவிடலாம். ஆனால் போனைக் கீழே வைக்காமல் வலி தீராது.

"கதிர்வீச்சு சார்?" என்று கேட்பீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். உடம்பு ஏற்கும் அலையின் அளவு கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது என்பது 2012 செப்டம்பர் முதல் இந்தியாவில் சட்டம். பல போன்களில் *#07# அழுத்தினால் அந்த எண் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-ல் இந்த அலைகளை 'ஒருவேளை புற்றுநோய் தரலாம்' என்ற பட்டியலில் வைத்தது உண்மை. அதே பட்டியலில் பிற்பாடு சோற்றுக் கற்றாழையின் முழு இலைச் சாறும் சேர்ந்தது! 2024-ல் அதே உலக சுகாதார நிறுவனத்துக்காகச் செய்த பெரிய தொகுப்பாய்வில், செல்போனுக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு தெரியவில்லை. என்னைக் கேட்டால், போனால் கெடுவதில் முதலிடம் தூக்கத்துக்குத்தான்.

நள்ளிரவு 12 மணி வியாதி

பிளஸ் டூ படிக்கும் பையன் ஒருவன் வந்தான். கண் எரிச்சல், தலைபாரம், புளித்த ஏப்பம். அம்மா, "வெயில் சூடு சார்" என்றார். எத்தனை மணிக்குத் தூங்குகிறாய் என்று பையனைக் கேட்டேன். "பன்னண்டு மணிக்குத்தான் சார் புது 2 ஜிபி ஏறும். அதுக்கு முன்னாடி பழசு தீரணும், இல்லாட்டி வேஸ்ட்டாப் போயிடும்" என்றான். கவனித்தீர்களா? தினசரி டேட்டா பிளானின் கணக்கு நள்ளிரவில் புதுப்பிக்கப்படுகிறது. பதினோரு மணிக்கு மிச்சத்தைத் தீர்க்க விழித்திருக்கிறான். 12 மணிக்குப் புதுசு வந்ததும் இன்னும் கொஞ்சம். இரவு கண்விழித்தால் பித்தம் ஏறும் என்பது சித்த வைத்தியத்தின் பாலபாடம். இவனுக்கு நான் சூரணத்தோடு பிளானையும் மாற்றச் சொன்னேன். தினம் இவ்வளவு என்று இல்லாமல், மொத்தக் காலத்துக்கும் சேர்த்து இவ்வளவு டேட்டா என்று தரும் பிளான்கள் இருக்கின்றன. மிச்சம் நாளைக்கும் இருக்கும் என்று தெரிந்தால் பிள்ளை தூங்குவான். 2024 ஜூலையில் கட்டணம் ஏறியபோது ஜியோ, ஏர்டெல் இரண்டும் அளவில்லா 5ஜியைத் தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் தரும் பிளான்களோடு கட்டிவிட்டன. படிக்கிற பிள்ளைக்கு அது தேவைதானா என்று அப்பா அம்மாதான் சொல்ல வேண்டும்.

28 நாள் பிளான் மாதக் கணக்கு அல்ல. வருஷத்துக்கு 13 தடவை பணம் கட்ட வேண்டும். இதற்காகத்தான் 30 நாள் பிளான் ஒன்றாவது கட்டாயம் வைக்க வேண்டும் என்று டிராய் 2022-ல் உத்தரவு போட்டது. கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டு வாங்குங்கள். தாத்தா பாட்டி பட்டன் போனுக்கு டேட்டா எதற்கு? 2024 டிசம்பரில் வந்த இன்னொரு உத்தரவால், பேச்சுக்கும் மெசேஜுக்கும் மட்டுமான பிளான்கள் 2025 ஜனவரி முதல் கிடைக்கின்றன.

நம்பர் போனால்...

போன் உடைந்தால் இன்னொன்று வாங்கலாம். நம்பர் போனால்? 2018 பிப்ரவரியில் ஏர்செல் டவர்கள் ஓய்ந்தபோது தமிழ்நாடே அதை அனுபவித்தது. இந்த மண்ணில் 1999-ல் பிறந்த கம்பெனி. திடீரென்று சிக்னல் இல்லை. வேறு கம்பெனிக்கு மாறலாமென்றால், அதற்கான மெசேஜ் போகக்கூட சிக்னல் வேண்டுமே! கடை வாசல்களில் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். அந்த மாதக் கடைசியில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. அதிலிருந்து நான் சொல்வது, வீட்டில் எல்லோரும் ஒரே கம்பெனி கார்டு வைத்திருக்காதீர்கள். 2023 டிசம்பர் புயல் மழையில் எங்கள் தெருக்களில் தண்ணீர் நின்றபோது, எந்த கார்டாவது எடுக்காதா என்று மாடியில் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும்.

என்னிடம் சர்க்கரைக்கு வரும் ஓர் அம்மாவுக்கு வயது 62. இரண்டு மாதமாக ஆளைக் காணோம். வந்தபோது கால் மரத்துப் போயிருந்தது. சர்க்கரை 280-ஐத் தாண்டியிருந்தது. ஏன் மாத்திரை சாப்பிடவில்லை என்று கேட்டால் அழுகிறார். மகன் 'வட்டியில்லாத் தவணை' என்று போன் வாங்கியிருக்கிறான். வட்டியில்லாத் தவணை என்று ஒன்று உண்மையில் கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் வங்கிகளுக்குச் சொன்னது. ப்ராசஸிங் பீஸ், இழந்த தள்ளுபடி என்று எங்காவது அது ஒளிந்திருக்கும். தவணை மாதாமாதம் அம்மாவின் மருந்துக் காசைத் தின்றிருக்கிறது.

அதோடு போகவில்லை. மகன் தன் பழைய போனில் ஒரு புது கார்டைப் போட்டு அம்மாவுக்குக் கொடுத்துவிட்டான். அம்மாவின் பழைய நம்பருக்கு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை. 90 நாள் உபயோகிக்காத நம்பரைக் கம்பெனி எடுத்துக் கொள்ளலாம். பிறகு வேறொருவருக்கும் தரலாம். அப்படியே நடந்தது. மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் வந்து விழும் பாங்க் கணக்கு அந்த நம்பரில்தான் இருந்தது. அந்த எண்ணைக் கூப்பிட்டால் யாரோ ஒருவர், "ராங் நம்பர்மா" என்கிறார். பாங்கின் ஓ.டி.பி. அவருக்குப் போகிறது! ஆதார் அட்டையோடு பாங்குக்கு இரண்டு நடை நடந்து நம்பரை மாற்றினார்கள். மாத்திரைக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயர் சேர்க்கச் சொன்னேன். ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் அரசு மாத்திரை வீடு தேடி வருகிறது. மகனைத் தனியாக உட்கார வைத்துப் பேசினேன். என்ன பேசினேன் என்பது இங்கே வேண்டாம்.

கம்பெனியை மாற்ற நம்பரை விடத் தேவையே இல்லை. 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் அந்த வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று அடித்து, ஓர் இடம் விட்டு, உங்கள் நம்பரை அடித்து 1900-க்கு அனுப்புங்கள். வரும் குறியீடு நான்கு நாள் செல்லும். அதை ஆதாரோடு புது கம்பெனி கடைக்கு எடுத்துப் போகலாம். இப்போதிருக்கும் கம்பெனியில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும். சிம் தொலைந்து புது சிம் வாங்கியிருந்தால், 2024 ஜூலை விதிப்படி 7 நாள் பொறுக்க வேண்டும். உங்கள் பெயரில் வேறு யாராவது சிம் வாங்கி நம்பரைக் கடத்திக்கொண்டு போகாமல் இருக்கத்தான் இந்தத் தடை.

பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ பழைய போன் வாங்குகிறவர்கள், காசு கொடுக்கும் முன் *#06# அழுத்துங்கள். 15 இலக்க எண் வரும். ஆங்கிலத்தில் 'கே.ஒய்.எம்.' என்ற மூன்று எழுத்தையும் ஓர் இடம் விட்டு அந்த எண்ணையும் 14422-க்கு அனுப்பினால், அது திருட்டு போன் என்று தடை செய்யப்பட்டதா என்று பதில் வரும்.

புதுசு வந்த பிறகு பழசை என்ன செய்வது? அதிலிருக்கும் படங்களையும் பாங்க் விவரங்களையும் அழித்துவிட்டு, கம்பெனி சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு எடுக்கும் இடத்திலோ கொடுங்கள். 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த விதிகளின்படி மின்கழிவைச் சேர வேண்டிய இடத்தில் சேர்க்கும் பொறுப்பு தயாரித்த கம்பெனிக்கு உண்டு. குப்பைத் தொட்டியில் போட்டால், வடசென்னையில் அது போய்ச் சேரும் இடம் கொடுங்கையூர். அந்தக் கிடங்கு தீப்பிடித்தால் புகை எந்தப் பக்கம் அடிக்கும் என்று வியாசர்பாடிக்காரர்களைக் கேளுங்கள்.