ஜார்ஜ் டவுனில் ஒரு நடை: தட்டிலும் தெருவிலும் சுவரிலும் தமிழர் கதை எங்கே இருக்கு?

பினாங்கு என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சாப்பாடு. அடுத்தது, சைக்கிளில் இரண்டு குழந்தைகள் போகும் அந்தச் சுவரோவியம். ஜார்ஜ் டவுன் தெருக்களில் வழிகாட்டி ஒருவர் முன்னே போக, சின்னச் சின்னக் குழுக்கள் பின்னே நடப்பதைப் பார்க்கலாம். மூன்று, நான்கு மணி நேர நடை. கொஞ்சம் சாப்பாடு, கொஞ்சம் கோயில், கொஞ்சம் ஓவியம், நிறைய போட்டோ.

அந்த நடையில் நாம் உண்மையில் எதைப் பார்க்கிறோம்? தமிழ் தெரிந்த ஒருவருக்கு அதில் கூடுதலாக என்ன கிடைக்கும்? பார்க்க வருகிற கூட்டத்தால் ஊரே மாறிப்போகுது என்று சொல்கிறார்களே, அது ஏன்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏன் நடந்தே பார்க்கணும்?

ஜார்ஜ் டவுன் கார்களுக்காகக் கட்டப்பட்ட ஊர் இல்லை. 1786-இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவில் இறங்கினார். அப்போதைய இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயர் ஊருக்கு வந்தது. கடலோரத்தில் சில தெருக்களைக் கட்டம் கட்டமாக வகுத்தார்கள். அந்தக் கட்டத்தின் எல்லைத் தெருக்களில் ஒன்றுதான் இன்றைய சூலியா தெரு.

அதற்கு முதலில் இருந்த பெயர் மலபார் தெரு. அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் தமிழர்களையும் 'மலபார்' என்றே எழுதினார்கள். 'சூலியா' என்பது தமிழ் முஸ்லிம் வணிகர்களைக் குறித்த சொல். ஆக, ஊருக்குக் கோடு போட்ட காலத்திலேயே நம்மவர்கள் அதில் இருக்கிறார்கள்.

2008 ஜூலை 7-இல் மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் சேர்த்து உலகப் பாரம்பரியத் தளமாக யுனெஸ்கோ அறிவித்தது. ஜார்ஜ் டவுனில் அந்தத் தளத்தின் மையப் பகுதி சுமார் 109 ஹெக்டர்தான். காரில் போனால் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும். நடந்தால்தான் ஒவ்வொரு கடைவீடும் தனித்தனியாகத் தெரியும்: கீழே கடை, மேலே குடும்பம், முன்னால் கூரை போட்ட நடைபாதை.

அந்த நடைபாதைக்கு மலாயில் 'காக்கி லீமா' என்று பெயர். ஐந்து அடி என்று பொருள். நம்மவர்கள் வாயில் அது 'அஞ்சடி'. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க ஏற்பட்ட இடம், காலப்போக்கில் பூ கட்டுபவருக்கும் தையல்காரருக்கும் பணியாரம் விற்பவருக்கும் பிழைப்பிடமாக ஆனது.

தட்டில் என்ன கதை?

உணவு நடையில் நாசி கண்டார் இல்லாமல் இருக்காது. 'நாசி' என்றால் சோறு. 'கண்டார்' என்பது தோளில் சுமக்கும் தடி. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காவடி போல ஒரு தடியின் இரு முனைகளிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளர்களுக்கு நடந்தே விற்றார்கள். உணவின் பெயரே சுமந்த தோளைச் சொல்கிறது. பிறகு தோளிலிருந்து கடைக்கு வந்தது. கேம்பல் தெருவில் உள்ள ஹமீதியா உணவகம் 1907 முதல் நடக்கிறது.

கடையில் வரிசையில் நிற்கும்போது 'பஞ்சிர்' என்ற சொல் காதில் விழும். மலாயில் வெள்ளம் என்று அர்த்தம். சோறு மூழ்கும் அளவுக்குக் குழம்பு ஊற்றச் சொல்கிறார்கள். கோழிக் குழம்பு, மீன் குழம்பு, கறிக் குழம்பு என்று எல்லாவற்றிலிருந்தும் ஒரு கரண்டி. நம் வீட்டில் குழம்பைத் தனித்தனியாகத்தான் பிசைந்து சாப்பிடுவோம். இங்கே கலப்பதுதான் ருசி.

அதே கலப்பு மற்ற தட்டுகளிலும் உண்டு. மாமாக் கடை மீ கோரேங்கில் நூடல்ஸ் சீனருடையது, தாளிப்பும் காரமும் தமிழ் முஸ்லிம் சமையல்காரருடையவை. பசெம்பூரில் வடை மாதிரி பொரித்த பண்டங்களும் வெள்ளரியும் டோஃபுவும் இருக்கும். மேலே ஊற்றும் இனிப்பும் காரமும் கலந்த குழம்பைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டுக் கெட்டியாக்குவார்கள். அசாம் லக்சாவில் 'அசாம்' என்றால் புளிப்பு. மீனும் புளியும் சேர்ந்த அந்தச் சாற்றை முதல்முறை குடிக்கும் தமிழருக்கு மீன்குழம்பு ஞாபகம் வந்தால் ஆச்சரியமில்லை. வெயிலுக்கு, கெங் குவீ தெருச் சந்தில் 1936 முதல் விற்கும் தியோச்சியூ செண்டோல்.

2024 டிசம்பரில் மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகள் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது. நாசி லெமாக்கோடு ரொட்டி சானாயும் தே தாரேக்கும் அதில் இருக்கின்றன. நம் பரோட்டாவின் உறவும், தூக்கி ஆற்றும் தேநீரும் உலகப் பட்டியலில் ஏறியிருக்கின்றன என்று சொல்லலாம்.

ஒரே தெருவில் எத்தனை வழிபாடு?

அடுத்த நிறுத்தம் பெரும்பாலும் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலை. பழைய பெயர் பிட் தெரு. வழிகாட்டிகள் இதை 'நல்லிணக்கத் தெரு' என்பார்கள். ஒரு முனையில் 1818-இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். கம்பெனி கொண்டுவந்த கைதிகளின் உழைப்பில் எழுந்த கட்டடம் அது. கொஞ்சம் தள்ளிச் சீனர்களின் கருணைத் தெய்வம் குவான் யின் கோயில். பக்கத்துக் குவீன் தெருவில், 1833-இல் அமைந்த ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். அப்புறம் 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல்.

இந்தப் பள்ளிவாசலின் பெயரில் உள்ள ஒரு சொல்லை நின்று கவனிக்க வேண்டும். காலனி ஆட்சியில் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு தலைவரை நியமித்தார்கள். அவர் 'கப்பித்தான்'. தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன்தான் பள்ளிவாசலை நிறுவியவர். 'கெலிங்' என்பது தென்னிந்தியர்களைக் குறித்த பழைய மலாய்ச் சொல். 'கலிங்கம்' என்பதிலிருந்து வந்தது என்று விளக்குவார்கள். ஒரு காலத்தில் வெறும் அடையாளச் சொல்லாக இருந்தது. இன்று மலேசிய இந்தியர்களை இழிவுபடுத்தும் வசைச்சொல். பெயர்ப்பலகையில் இருக்கிறது என்பதற்காக அதை ஆளைப் பார்த்துச் சொல்லலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

சூலியா தெருவில் இன்னொரு சின்னக் கட்டடம் உண்டு. நாகூர் தர்கா. நாகப்பட்டினத்தை அடுத்த நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவாக 1800-களின் தொடக்கத்தில் எழுப்பப்பட்டது. சிங்கப்பூரிலும் இப்படியொரு நாகூர் தர்கா இருக்கிறது. கடல் தாண்டிப் போனவர்கள் ஊர் நம்பிக்கையையும் கையோடு கொண்டுபோனார்கள். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையிலான கப்பல் போக்குவரத்து நம் தாத்தா பாட்டி காலம் வரை நீடித்தது. 'ரஜூலா' கப்பல் 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், ஒரு கதை வரலாம்.

அங்கிருந்து லிட்டில் இந்தியா பக்கம்தான். மார்க்கெட் தெருவைத் தமிழர்கள் 'கடைத் தெரு' என்றே அழைத்தார்கள். பினாங்கு தெருவில் நகரத்தாரின் கோயில் வீடு இருக்கிறது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படுவது இங்கிருந்துதான். அது 1894-இல் இந்தியாவிலிருந்து வந்த ரதம். 2017 முதல் குவீன் தெரு மாரியம்மன் கோயிலிலிருந்து தங்க ரதமும் போகிறது. வழியெல்லாம் தேங்காய் உடைப்பவர்களில் சீனர்களும் நிறைய பேர்.

சுவரில் யார் இருக்காங்க?

2012-ஆம் ஆண்டு ஜார்ஜ் டவுன் விழாவுக்காக, லித்துவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் சக்காரேவிச் சில சுவர்களில் வரைந்தார். ஆர்மேனியன் தெருவில் சைக்கிள் ஓட்டும் குழந்தைகள், ஆ குவீ தெருவில் பழைய மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்த பையன். ஓவியத்தில் பாதி வரைந்தது, பாதி நிஜப் பொருள். சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் நிஜம். நீங்களும் போய் ஒட்டி நின்று படம் எடுக்கலாம். இன்ஸ்டாகிராம் பரவிய நேரம், படங்கள் உலகம் சுற்றின. கூட்டம் வந்தது.

அதற்கும் முன்னாலேயே வேறொன்று தொடங்கியிருந்தது. மாநில அரசு நடத்திய போட்டியில் வென்ற 'ஸ்கல்ப்சர் அட் வொர்க்' குழு, இரும்புக் கம்பியை வளைத்து 52 கேலிச்சித்திரங்களைச் சுவர்களில் பொருத்தியது. அந்தத் தெருவுக்கு எப்படிப் பெயர் வந்தது, அங்கே என்ன தொழில் நடந்தது என்று ஒவ்வொன்றும் ஒரு குறிப்பு தரும். செருப்பு வடிவமைப்பாளர் ஜிம்மி சூ இந்த ஊர்க்காரர் என்பதையும் ஒரு கம்பிச் சித்திரம் சொல்லும். போட்டோவுக்கு இவை அவ்வளவு பிரபலமில்லை. ஆனால் ஊரைப் புரிந்துகொள்ள இவைதான் அதிகம் உதவும்.

சுவரோவியம் வெயிலிலும் மழையிலும் மங்கும். மறுபடி வண்ணம் பூசலாம். அந்தச் சுவருக்குப் பின்னால் குடியிருந்தவர் போய்விட்டால், அவரைத் திரும்ப வரைய முடியாது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

அப்படி என்ன சிக்கல்?

யுனெஸ்கோ பாராட்டியது கட்டடங்களை மட்டுமல்ல. பல இனத்தவர் இன்றும் சேர்ந்து வாழ்ந்து, தொழில் செய்து, வழிபடும் ஊர் என்பதுதான் ஜார்ஜ் டவுனின் பெருமை. வாழ்பவர்கள் இல்லை என்றால் மிச்சம் இருப்பது அழகான சுவர்கள்தான்.

இது எப்படி ஆரம்பித்தது? சுருக்கமாக:

• 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், போருக்கு முந்தைய வீடுகளின் வாடகையைக் குறைவாக வைத்திருந்தது. ஏழைக் குடும்பங்களும் சின்னக் கடைகளும் நகரின் நடுவிலேயே இருக்க முடிந்தது. மறுபக்கம், வருமானம் இல்லாததால் உரிமையாளர்கள் பழுதுபார்க்கவில்லை.

• 1969-இல் பினாங்கு வரியில்லாத் துறைமுக அந்தஸ்தை இழந்தது. துறைமுகத்தை நம்பிய வியாபாரம் சரிந்தது.

• 1997-இல் வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கச் சட்டம் வந்தது. 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் கட்டுப்பாடு முழுமையாகப் போனது. வாடகை ஏறியது. பல குடும்பங்கள் வெளியேறின.

• 2008-இல் யுனெஸ்கோ அங்கீகாரம். பழைய கடைவீடுகள் சின்ன ஹோட்டல்களாகவும் கஃபேக்களாகவும் மாறத் தொடங்கின.

கவனியுங்கள்: சுற்றுலா வருவதற்கு முன்பே வெளியேற்றம் தொடங்கிவிட்டது. சுற்றுலா மட்டும்தான் காரணம் என்று பழிபோட முடியாது. அதே சுற்றுலாதான் இடிந்துவிழ இருந்த பல கட்டடங்களைக் காப்பாற்றியது, பல கடைகளுக்குச் சோறு போடுகிறது. ஆனால் வீடு ஹோட்டலாக மாறும்போது கீழே இருந்த கடையும் போகிறது. அந்தக் கடையை நம்பியிருந்த அக்கம்பக்கத்தாரும் போகிறார்கள்.

சாப்பாட்டிலும் இந்தக் கவலை உண்டு. அங்காடிக் கடை வைத்திருப்பவர்களின் பிள்ளைகள் பலர் அந்த நெருப்பருகே நிற்க விரும்புவதில்லை. ஆள் கிடைக்காமல் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சமைக்கத் தொடங்கினார்கள். 2016 தொடக்கத்தில் பினாங்கு மாநிலம், சார் குவே தியாவ், அசாம் லக்சா போன்ற உள்ளூர் உணவுகளை அங்காடிக் கடைகளில் வெளிநாட்டவர் சமைக்கக் கூடாது என்று தடை கொண்டுவந்தது. ருசியைக் காப்பாற்ற என்றது அரசு. ஆனால் நாசி கண்டாரைத் தோளில் சுமந்து வந்தவரும் ஒரு காலத்தில் கப்பலில் வந்து இறங்கியவர்தானே? பாரம்பரியம் யாருடைய கையில் இருக்கிறது என்ற கேள்விக்கு எளிதான பதில் இல்லை.

நீங்க என்ன செய்யலாம்?

வழிகாட்டியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மலேசியாவில் சுற்றுலா வழிகாட்டிகளுக்கு 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிம அட்டை அணிந்திருக்கிறாரா என்று பாருங்கள். ஊரிலேயே வளர்ந்தவராக இருந்தால், தேதிகளைத் தாண்டிய கதைகள் கிடைக்கும்.

காலையில் நடங்கள். வெயில் குறைவு என்பது ஒரு காரணம். கடைத் தெருவில் பூ வந்து இறங்குவதும், கோயில் மணி அடிப்பதும், ரொட்டி வீசுவதும் அந்த நேரத்தில்தான்.

அஞ்சடியில் உட்கார்ந்திருப்பவரைப் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். அது அவர் வீட்டு வாசல். கடலோரச் சீனக் குடும்பப் படகுத்துறைக் குடியிருப்புகளிலும் அப்படித்தான்; மர வீடுகளுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். பள்ளிவாசலிலும் கோயிலிலும் தொழுகை, பூசை நேரங்களை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓவியத்துக்கு முன்னால் செலவழிக்கும் நேரத்தில் பாதியை ஏதாவது ஒரு சின்னக் கடையில் செலவழியுங்கள். ஒரு முழம் பூ, ஒரு பொட்டலம் முறுக்கு, ஒரு தே தாரேக். உங்கள் காசு சுவருக்குப் போகாது, கடைக்காரருக்குப் போகும்.

கடைசியாக, தமிழில் பேசிப் பாருங்கள். ஆங்கிலத்தில் கேட்டால் விலை சொல்வார்கள். 'அண்ணே, இந்தக் கடை எத்தனை வருஷமா இருக்கு?' என்று தமிழில் கேட்டால், அப்பா எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தக் கப்பலில் வந்தார், மகன் இப்போது எங்கே வேலை பார்க்கிறான் என்பதுவரை வரும். இந்தப் பகுதி எந்த வரைபடத்திலும் இல்லை. கேட்க ஆள் வந்தால் மட்டுமே சொல்லப்படும்.