எரியோட்டுக்குப் பக்கத்திலே ஒரு டாக்டரம்மா!

குட்டீஸ்... டாக்டர் ஹீரோவாக வரும் சினிமா பார்த்திருக்கிறீர்களா? 2016ல் வெளிவந்த, 'தர்மதுரை' படத்தில், 'கிராமத்துக்குப் போய் வைத்தியம் பாருங்கள்' என்று மாணவர்களிடம் ஒரு பேராசிரியர் சொல்வார். அந்தச் சொல்லை மனதில் வைத்து, கிராமத்து டாக்டராக விஜய் சேதுபதி நடித்திருப்பார்.

சினிமாவில் ஒரு பாட்டு முடிவதற்குள் ஊரே குணமாகி விடும். நிஜத்தில் அப்படி நடக்குமா? நிஜமாகவே அந்த வேலையைச் செய்த ஒரு டாக்டர், நம் திண்டுக்கல் மாவட்டத்தில் இருந்தார். கேளுங்கள் அவர் கதையை!

எரியோட்டில் இருந்து ரயில் பாதையோடு தெற்கே போனால், முதலில் திண்டுக்கல். அதைத் தாண்டியதும் அம்பாத்துரை ஸ்டேஷன். பக்கத்திலேயே, சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது, காந்திகிராமம். அதை உருவாக்கியவர், டாக்டர் சவுந்திரம் அம்மா.

1904ல் பிறந்த இவர், பெரிய பணக்கார வீட்டுப் பெண். டி.வி.எஸ்., நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்கார்தான் அப்பா. அந்தக் கால வழக்கப்படி, சிறு வயதிலேயே கல்யாணம் ஆகி விட்டது. கணவர் சவுந்தரராஜன் ஒரு டாக்டர். ஆனால், பிளேக் நோய் அவரை இளம் வயதிலேயே பலி வாங்கி விட்டது. 'நீ படிக்க வேண்டும்' என்று மனைவியிடம் சொல்லி விட்டுத்தான் அவர் கண்ணை மூடினாராம்.

அந்த நாளில், கணவனை இழந்த பெண் வீட்டு மூலையில் முடங்க வேண்டும் என்பதுதான் ஊர் வழக்கம். சவுந்திரம் முடங்கவில்லை. பெற்றோர் துணையோடு மறுபடியும் புத்தகத்தைத் தூக்கினார். டில்லி, லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1936ல் டாக்டர் ஆனார். அப்போது அவருக்கு வயது, 32!

டில்லியில் சுசீலா நய்யார் என்ற தோழி மூலம் காந்திஜியைச் சந்தித்தார். காந்தியத் தொண்டர் ஜி.ராமச்சந்திரனை, 1940ல் மறுமணம் செய்து கொண்டார். நடத்தி வைத்து ஆசி தந்தது யார் தெரியுமா? காந்திஜியும், கஸ்தூரிபாவும்தான்!

சென்னையிலோ, மதுரையிலோ கிளினிக் போட்டிருந்தால், சொகுசாக வாழ்ந்திருக்கலாம். அவர் செய்தது வேறு. 1947ல், கைத்தறிச் சேலைக்குப் பேர் போன சின்னாளப்பட்டியில், சின்னதாக ஒரு மருத்துவமனை தொடங்கினார். அதுதான், இன்றைய காந்திகிராமம் கஸ்தூரிபா மருத்துவமனை.

கிராமத்தில் அப்போது பிரசவம் என்றாலே பயம்தான். பிறந்த பாப்பாவின் தொப்புள் கொடியைத் துருப்பிடித்த பிளேடாலோ, அரிவாளாலோ அறுத்து விடுவர். மண்ணிலும், சாணத்திலும் இருக்கும் தனுர்வாதக் கிருமி, அந்தப் புண் வழியே உள்ளே போய் விடும். பாப்பாவால் வாய் திறந்து பால் குடிக்க முடியாது. சில நாட்களில் இறந்து விடும். இதைத் தடுக்கப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். சோப்பு போட்டுக் கழுவிய கை, கொதிக்க வைத்த பிளேடு, அம்மாவுக்குத் தடுப்பூசி... அவ்வளவுதான்!

ஆனால், ஒரே டாக்டர் எத்தனை ஊருக்கு ஓட முடியும்? நடுராத்திரியில் வலி வந்தால், மாட்டு வண்டி கட்டி டாக்டரிடம் வருவதற்குள் விடிந்து விடுமே! அதனால், கிராமத்துப் பெண்களையே கூட்டி வந்து, தாதி வேலைக்கும், சேவிகா வேலைக்கும் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்தார், சவுந்திரம் அம்மா. பயிற்சி முடித்தவர்கள் ஊர் ஊராகப் போயினர். சினிமா ஹீரோ தனியாகச் செய்வதை, இவர் பல பேர் கையால் செய்தார். அதனால்தான், 1984ல் அவர் மறைந்த பிறகும் வேலை நிற்கவில்லை.

இன்னொரு சேதி... எரியோடு இருக்கும் வேடசந்தூர் தொகுதிக்கு, 1957ல் எம்.எல்.ஏ., ஆனவரும் இவர்தான். 1962ல் திண்டுக்கல் எம்.பி.,யாகி, மத்திய கல்வித் துறைத் துணை அமைச்சரும் ஆனார். அதே ஆண்டு, 'பத்மபூஷண்' விருது கிடைத்தது. 2005ல் தபால் தலையும் வெளியானது.

பிரசவத்தின் போது தாயையும், சேயையும் தாக்கிய தனுர்வாதம், 2015ல் இந்தியாவில் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. நாடு முழுக்கக் கிராமம் கிராமமாக நடந்த நர்ஸ்களின் உழைப்பும் அதில் இருக்கிறது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம். சவுந்திரம் அம்மா டாக்டருக்குப் படிக்க டில்லி வரை போக வேண்டியிருந்தது. திண்டுக்கல்லில், 2022ல் அரசு மருத்துவக் கல்லூரியே திறந்து விட்டனர். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, மருத்துவப் படிப்பில், 7.5 சதவீத இடம், 2020 முதல் தனியாக ஒதுக்கப்படுகிறது. நீட் தேர்வு எழுதிப் பாஸ் பண்ண வேண்டும். அது சுலபம் இல்லைதான். ஆனாலும், எரியோட்டுப் பள்ளிக்கூடப் பெஞ்சில் இருந்து அங்கே போக, இன்று வழி இருக்கிறது.

'டாக்டர் ஆவேன்' என்று சொல்லாத குட்டீஸ் உண்டா? அடுத்த தடவை யாராவது கேட்டால், 'எந்த ஊருக்கு டாக்டர்?' என்பதையும் யோசித்து வைத்துச் சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பாட்டிகள் காத்துக் கொண்டிருக்கின்றனர்!