கோப்பியின் சுவை எங்கே பிறக்கிறது?



கோப்பி நன்றாயிருந்தால் போட்டவரைப் புகழ்கிறோம். கசந்தால் தூள் விற்ற கடைக்காரரை நோகிறோம். இருவருக்கும் இதிற் பங்குண்டு என்பது மெய்யே. ஆயினும் கொட்டையில் ஏற்கெனவே உள்ள சுவையைத்தான் வறுப்பவர் வெளிக்கொணர முடியும். அது செடியிலே, பல மாதங்களுக்கு முன்னரே உருவாகிவிடுகிறது. யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு இது புதுமையன்று. உவர்நீர் இறைத்து வளர்த்த புகையிலை செவ்வையாக எரியாது என்பதை இரசாயனம் படியாமலே அறிந்தவர் அவர். நிலமும் நீரும் காற்றும் புகையிலையை ஆளுவது போலவே கோப்பியையும் ஆளுகின்றன.

அரபிக்கா எனப்படும் கோப்பியினத்தின் தாயகம் எத்தியோப்பிய மலைக்காடுகள். உயர்ந்த மரங்களின் கீழே, சிதறி விழும் வெயிலில் வளர்ந்து பழகிய சிறுமரம் அது. சராசரி வெப்பம் 18 முதல் 24 பாகை சதம அளவாக உள்ள இடத்தையும், சற்றுப் புளிப்புத்தன்மை வாய்ந்த, நீர் தேங்காத மண்ணையும் அது விரும்புகிறது. நட்ட மூன்று நான்கு ஆண்டுகளிற் காய்க்கத் தொடங்கும். வறட்சியான காலத்தில் அதன் மொட்டுகள் உறங்கிக் கிடக்கும். நல்ல மழையொன்று பெய்தால் அவை விழித்து, எட்டுப் பத்து நாட்களிற் கிளைமுழுவதும் வெள்ளைவெளேரெனப் பூத்துவிடும். மல்லிகை போன்ற மணம் வீசும். இரண்டு மூன்று நாட்களிற் பூ வாடிப்போகும். பின்னர் காய் முற்றிச் சிவந்து பழமாவதற்கு ஏழு முதல் ஒன்பது மாதங்கள் செல்லும். பழத்தினுள்ளே முகத்தோடு முகம் பொருந்தியிருக்கும் இரு விதைகளையே நாம் கொட்டை என்கிறோம்.

இந்த மாதங்களின் எண்ணிக்கையிலேதான் சுவையின் இரகசியம் உள்ளது. மலையில் ஆயிரம் அடி ஏறினால் வெப்பம் ஏறத்தாழ இரண்டு பாகை குறையும். குளிர்ந்த இடத்திற் பழம் மெதுவாகப் பழுக்கும். அவகாசம் நீள நீள, இலைகள் ஆக்கும் உணவு விதையில் நிறையச் சேர்ந்து, கொட்டை இறுகிக் கனக்கும். அதிலுள்ள வெல்லப் பொருள்களே வறுக்கும்போது கருகிச் சிவந்து நறுமணமாக மாறுபவை. எலுமிச்சையிலும் அப்பிளிலும் உள்ள அமிலங்களே கோப்பியிலும் உண்டு. மலைக் கோப்பியின் இனிய புளிப்புச் சுவைக்கு அவையும் காரணம். சூடான இடத்திலோ பழம் விரைந்து சிவக்கும். தோலைப் பார்த்தால் வேறுபாடு தெரியாது, உள்ளே கொட்டை இலேசாக இருக்கும். நிழல் செய்வதும் ஏறக்குறைய உயரம் செய்யும் வேலையே. நிழலிற் காய் குறையும். எஞ்சிய காய்களுக்கு உணவு தாராளமாகக் கிடைக்கும்.

நமது குடாநாட்டின் நிலைமை இதற்கு நேர்மாறானது. அடியிலே சுண்ணக்கல், அதனால் மண்ணிற் புளிப்பில்லை. மாரிமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழியோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடும். பின்னர் நீண்ட வெயில், அதன்மேற் சோளகக் காற்று. கிணற்றடியில், வாழை நிழலில் ஒரு கோப்பிச் செடியைப் பேணி வளர்க்கலாம். அது காய்க்கவுங் கூடும். மலைநாட்டுச் சுவையை மட்டும் அதனிடம் எதிர்பார்க்கலாகாது. ஒல்லாந்தரும் 1740ஆம் ஆண்டளவில் இலங்கையின் தாழ்நிலத்திற் கோப்பி பயிரிட்டுப் பார்த்துப் பயன் காணவில்லை.

ஆங்கிலேயர் மலைக்குச் சென்றனர். 1824இல் கம்பளைக்கு அண்மையில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் தோட்டம் திறந்தார். தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் கன்னொறுவையிலே தாமும் ஒரு தோட்டம் உண்டாக்கினார். 1870களில் இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட மலைநிலம் கோப்பியாயிற்று. பழம் பறிக்குங் காலத்துக்கென்று தென்னிந்தியத் தமிழர் கடல் கடந்து, மன்னார்க் காடுகளூடாகக் கால்நடையாக மாத்தளைக்கு வந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். தேயிலையைப் போல ஆண்டு முழுவதும் வேலை தரும் பயிரன்று கோப்பி; ஆகவே பறிப்பு முடிந்ததும் அவர்களுட் பலர் ஊர் திரும்பினர். ஒரு செடி பழுக்கும் பருவம் ஒரு மக்கட்கூட்டத்தின் வாழ்வையே இவ்வாறு வகுத்தது.

1869இல் இலைகளின் கீழ்ப்பக்கத்திற் செம்மஞ்சட் பொடி தோன்றியது. ஹெமிலியா வஸ்டாற்றிக்ஸ் என்னும் பூஞ்சணம் அது. துரைமார் அதற்கு ‘நாசகாரி எமிலி’ என்று செல்லப்பெயர் வைத்தனர். நோய்கண்ட இலை உதிரும். இலையற்ற கிளையிற் காய் நிறைவதெப்படி? விளைச்சல் சுருங்கியது, விளைந்ததும் சப்பையாயிற்று. 1880இல் இங்கு வந்து ஆராய்ந்த மார்ஷல் வார்ட், காட்டை அழித்து மலைதோறும் ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டமை நோய் பரவ வழிவகுத்ததெனக் கண்டார். இருபதாண்டுகளுள் கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. அப்பூஞ்சணம் இன்றும் ஒழியவில்லை. 2012இல் மத்திய அமெரிக்கத் தோட்டங்களையும் கடுமையாகத் தாக்கியது.

அந்நோயைப் பெரிதும் தாங்கவல்லது ஆபிரிக்கத் தாழ்நிலக் காடுகளைச் சேர்ந்த றொபஸ்டா இனம். வெப்பத்தையும் அது பொறுக்கும், நிறையவுங் காய்க்கும். ஆனால் அதில் கஃபீன் அரபிக்காவைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. வெல்லப் பொருளோ குறைவு. அதன் கசப்பு பிறவிக் குணம், வறுத்தவரின் குற்றமன்று.

நல்ல இனம், நல்ல உயரம் இரண்டும் வாய்த்தும் சுவை கெடுவதுண்டு. ஒரே கிளையிற் பச்சைக்காயும் செம்பழமும் அருகருகே நிற்கும். பழுத்ததை மட்டும் பறிக்கவேண்டுமாயின் ஒரே செடிக்குப் பலமுறை வரவேண்டும்; கூலி கூடும். பழத்துக்கும் காய்க்கும் ஒரே விலை தரும் வியாபாரியிடம் விற்கும் சிறுதோட்டக்காரர் கிளையை ஒரேயடியாக உருவிவிடுகிறார். அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. எனினும் ஒன்பது மாதம் செடி செய்த வேலை அங்கே வீணாகிறது. பச்சைக்காயின் கொட்டை வறுத்தாலும் சரியாகச் சிவக்காமல் வெளிறிக் கிடக்கும். தூளிலே புல்வாடையையும் துவர்ப்பையும் தரும்.

வறுக்காத கொட்டை வாங்கி, மல்லியும் வேர்க்கொம்புஞ் சேர்த்து வீட்டிலே வறுத்திடிக்கும் நேயர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். கொட்டையின் தட்டையான பக்கத்தில் நடுவே ஒரு பிளவு ஓடும். உயர்ந்த இடத்தில் விளைந்த அரபிக்காவாயின் அது பெரும்பாலும் ஒடுங்கி, வளைந்து காணப்படும்; கொட்டையுங் கனக்கும். தாழ்வான இடத்தில் விளைந்ததில் பிளவு நேராகவும் சற்று விரிந்தும் இருக்கும். ஒரே அளவுச் சுண்டில் இருவகையையும் நிறைத்துத் தராசிலிட்டால், எது மெதுவாகப் பழுத்ததென்பது தெரிந்துவிடும்.